பகிர்வுச் சாவியை எங்கே வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

சர்வர்களுக்கு இடையே பயன்படும் ரகசிய சாவிகளைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டே வரிகள் எழுதியிருந்தேன். அதற்குப் பெங்களூரிலிருந்தே இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சிறிய நிறுவனத்தில் சர்வர் நிர்வாகியாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எங்களிடம் பைண்ட் மென்பொருளில் ஓடும், இணையப் பெயர்களுக்கு எண் முகவரி சொல்லும் இரண்டு டிஎன்எஸ் சர்வர்கள் உள்ளன. இரண்டின் அமைப்புக் கோப்பிலும் ‘கீ’ என்று தொடங்கும் ஒரு பகுதியும், அதற்குள் புரியாத எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட சொல்லும் இருக்கின்றன. இது கடவுச்சொல்லா? இரண்டிலும் ஒன்றேபோல் இருப்பது சரிதானா? – எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்

ஒன்றேபோல் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆனால் நாம் வழக்கமாகச் சொல்லும் கடவுச்சொல்லிலிருந்து அது ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. கடவுச்சொல்லை நாம் எதிர்ப்பக்கத்துக்கு அனுப்பிவைக்கிறோம். இந்தச் சாவியோ கம்பி வழியாக ஒருபோதும் பயணம் செய்வதில்லை. நகலை வைத்திருக்கும் உங்கள் துணைச் சர்வர், அசலை வைத்திருக்கும் முதன்மைச் சர்வரிடம் முகவரிப் பட்டியலைக் கேட்கும்போது, கேள்வியையும் அந்த நேரத்தையும் இந்தச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டு ஒரு முத்திரையை உண்டாக்கி, அதைக் கேள்வியின் கடைசியில் ஒட்டி அனுப்புகிறது. முதன்மைச் சர்வர் தன்னிடமுள்ள சாவியைக் கொண்டு அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை பொருந்தினால் கேட்டவர் நம்மவர் என்றும், வழியில் யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை என்றும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்கிறது. இந்தக் கணக்குக்கு ஹெச்மேக் என்று பெயர்; 1997-இல் இதற்கான இணையப் பொது ஆவணம் வெளியானது. டிஎன்எஸ்ஸில் இதைப் பயன்படுத்தும் முறைக்கு டிசிக் என்று பெயர். அது 2000-இல் வரையறுக்கப்பட்டு 2020-இல் திருத்தி எழுதப்பட்டது. உங்கள் கோப்பில் ‘அல்காரிதம்’ என்ற வரியில் எம்டி5 என்று இருந்தால் அது பழைய காலத்துச் சாவி என்று பொருள். அதை விட்டுவிட்டு ஷா-256 என்ற கணக்கு முறையைக் கொண்ட புதிய சாவியை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். இதை ‘பொதுச் சாவி’ என்று சிலர் எழுதுகிறார்கள். பொதுச் சாவி என்பது ஊருக்கே தெரியலாம் என்ற வகையைச் சேர்ந்தது. அதற்கு இணையான தனிச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கும். நாம் பேசும் சாவியில் அந்தப் பிரிவே கிடையாது. இரு பக்கமும் ஒரே ரகசியத்தை வைத்திருக்கின்றன என்பதால் ‘பகிர்வுச் சாவி’ என்று சொல்வதே சரி.

இதற்கு ஒரு குறை உண்டு. கோரமங்கலாவிலோ மடிவாளாவிலோ பி.ஜி.யில் நான்கு பேர் ஓர் அறையில் தங்கி, நால்வரிடமும் ஒரே பூட்டுக்கான சாவி இருந்தால், மதியம் அறையைத் திறந்தது யார் என்று பூட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பகிர்வுச் சாவியும் அப்படித்தான். சாவியை வைத்திருக்கும் ஒருவர் வந்தார் என்பதை அது சொல்லும். அவர் யார் என்பதைச் சொல்லாது. இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் பதில்கள் பெரும்பாலும் உங்களுக்கே தோன்றிவிடும்.

எங்கள் மூத்த பொறியாளர் புதிய சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை நகலெடுத்து ஒட்டினேன். சர்வரைக் கட்டுப்படுத்தும் ஆர்என்டிசி கட்டளையைக் கொடுத்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வருகிறது. சாவி சரியாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது? – அல்சூர் வாசகர்

அந்தச் செய்தியை முழுவதும் படியுங்கள். முதல் வரியோடு எல்லோரும் நின்றுவிடுகிறோம். ஆனால் அதன் கீழேயே ஐந்து காரணங்கள் அடுக்கப்பட்டிருக்கும். எதிர்ப்பக்கத்தில் பழைய பதிப்பு ஓடலாம், உங்கள் கணினிக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், இரு பக்கக் கடிகாரங்கள் ஒத்துப்போகாமல் இருக்கலாம், முத்திரையிடும் முறை மாறியிருக்கலாம், அல்லது சாவியே தவறாக இருக்கலாம். சாவி கடைசிக் காரணமாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். முத்திரையில் நேரமும் சேர்ந்திருக்கிறது என்று மேலே சொன்னேன். பழைய செய்தி ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டு யாரும் மறுபடி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. டிசிக் முறையில் இரு பக்கக் கடிகாரங்களுக்கு இடையே பரிந்துரைக்கப்படும் சலுகை 300 விநாடிகள், அதாவது ஐந்து நிமிடம். நம் நாட்டில் இதில் ஒரு தனித் தொல்லை இருக்கிறது. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடும்போது, கைக்கடிகாரத்தைப் பார்த்து யாராவது இந்திய நேரத்தை அப்படியே தட்டிவிட்டால் ஐந்தரை மணி நேரம், அதாவது 19,800 விநாடிகள் வித்தியாசம் வந்துவிடுகிறது. சாவி எவ்வளவு சரியாக இருந்தாலும் பயன் இல்லை. நேரத்தைக் கையால் வைக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவும், தேசியத் தகவலியல் மையம் அல்லது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றின் நேரச் சர்வர்களோடு, அல்லது அவற்றை அடியொற்றிய சர்வர்களோடு, கணினிகளின் கடிகாரங்களை இணைக்கச் சொல்கிறது.

கடிகாரம் சரி என்றால் அடுத்தது வாட்ஸ்அப். 256 பிட் நீளமுள்ள சாவியை, ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக எழுதும் பேஸ்64 வடிவில் எழுதினால் 44 குறிகள் வரும். அதில் கடைசிக் குறி ஒரு சமக்குறி. நகலெடுக்கும்போது பெரும்பாலும் விட்டுப்போவது அந்தச் சமக்குறிதான். அது விட்டுப்போனால் கோப்பைப் படிக்கும்போதே பைண்ட் குறை சொல்லிவிடும் என்பதால் கண்டுபிடிப்பது எளிது. நேரான மேற்கோள் குறிகள் அரட்டைச் செயலிகளில் வளைந்த குறிகளாக மாறுவதும் அப்படியே. உடனே பிழை தெரிந்துவிடும். கண்டுபிடிக்கக் கடினமானது எழுத்து மாறிப்போவது. ஆங்கிலச் சிறிய ‘எல்’, பெரிய ‘ஐ’, எண் ஒன்று ஆகிய மூன்றும் பேஸ்64-இல் வரும். பெரிய ‘ஓ’வும் சுழியமும் வரும். யாராவது திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்திருந்தாலோ, தொலைபேசியில் படித்துக் காட்டியிருந்தாலோ இவற்றில் ஒன்று மாறியிருக்கும். கோப்பு ஒழுங்காக ஏறும், சர்வரும் ஓடும், முத்திரை மட்டும் பொருந்தாது.

சரிபார்ப்பதற்குச் சாவியை மறுபடியும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. சாவிக் கோப்பு இரு சர்வர்களிலும் அப்படியே ஒரே நகலாக இருந்தால், இரண்டிலும் அந்தக் கோப்புக்கு, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை எடுத்து, முதல் எட்டு எழுத்துகளை மட்டும் தொலைபேசியில் ஒப்பிடுங்கள். கோப்பின் கடைசியில் இருக்கும் ஒரு வெற்று வரிகூட அந்த எண்ணை முழுவதும் மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த வழி, கணினியே எழுந்தமானமாக உருவாக்கிய நீண்ட சாவிகளுக்கு மட்டுமே பொருந்தும். நிறுவனப் பெயரோடு ஓர் ஆண்டைச் சேர்த்து யாராவது ‘சாவி’ என்று வைத்திருந்தால், அதன் சரிபார்ப்பு எண்ணை வைத்தே சாவியை ஊகித்துவிட முடியும்.

கோளாறு சரியான பிறகு, அந்தச் சாவியைப் பயன்படுத்தாதீர்கள். அது இப்போது உங்கள் கைபேசியிலும், மூத்தவரின் கைபேசியிலும், இருவரின் காப்பு நகல்களிலும் இருக்கிறது. சர்வரிலேயே டிசிக்-கீஜென் கட்டளையால் புதிய சாவியை உருவாக்கி, எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நேரே மற்றச் சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். மனிதக் கண்ணில் படாமலே ஒரு சாவி பிறந்து வாழ முடியும் என்பதுதான் இந்த முறையின் பெரிய வசதி.

பீன்யாவில் எங்கள் தொழிற்சாலைக்கு வைஃபை, டிஎன்எஸ், தரவுத்தளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சாவிதான் வைத்திருக்கிறோம். நினைவில் வைக்க வசதியாக இருக்கிறது. தவறா?

தவறு. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சாவி இருக்க வேண்டும். இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்ளும் சாவி அந்த இரண்டிடம் மட்டும் இருந்தால், அது வெளியே போனால் அந்த ஒரு பேச்சு மட்டுமே கெடும். உங்கள் ஏற்பாட்டில், கூரை மேல் இருக்கும் ஒரு வைஃபை கருவியைக் கழற்றி எடுத்துச் செல்பவர் தரவுத்தளத்துக்கான சாவியையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறார்.

நினைவில் வைக்க வசதியாக இருக்கிறது என்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. மனிதர் நினைவில் நிற்கும் சாவி பலவீனமான சாவி. வைஃபையில் நுழைபவர்களைச் சரிபார்க்க ஃப்ரீரேடியஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதன் மாதிரி அமைப்புக் கோப்பில் ‘டெஸ்டிங்123’ என்ற ஒரு சாவி சோதனைக்காகக் கொடுக்கப்பட்டிருக்கும். சோதனை முடிந்து ஆண்டுக்கணக்கில் ஆன பிறகும் அதே சொல் ஓடிக்கொண்டிருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்றே உங்கள் கோப்பில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

பேஸ்64 என்றால் மறையாக்கம் செய்யப்பட்டது என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள். நிரல்களைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸில் ‘சீக்ரெட்’ என்றே பெயர் இருக்கிறதே? – பிரேசர் டவுன் வாசகர்

இல்லை. மறையாக்கம் என்றால் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது. பேஸ்64 என்பது எழுதும் முறை மட்டுமே. யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் திரும்ப எடுத்துவிடலாம். குபெர்னெட்டீஸின் ‘சீக்ரெட்’ மதிப்புகளும் இயல்பு நிலையில் மறையாக்கம் செய்யப்படாமலேதான் சேமிக்கப்படுகின்றன. அதை நாம்தான் தனியாக இயக்க வேண்டும்.

சாவியை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்கிறீர்கள். மாற்றும் நேரத்தில் சேவை நின்றுபோனால் என்ன செய்வது? எங்கள் வாடிக்கையாளர்கள் இரவிலும் வேலை செய்கிறார்கள். – ஒயிட்ஃபீல்ட் வாசகி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஏனென்றால் இதில் நான் ஒருமுறை தவறு செய்து, அதன் பலனை என் குழுவே ஒரு வாரம் அனுபவித்தது.

பல ஆண்டுகளுக்கு முன், இந்த ஊரில் நான் வேலை செய்த ஓர் இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை முதன்மை டிஎன்எஸ் சர்வரில் சாவியை மாற்றினேன். துணைச் சர்வரில் மாற்றுவதற்குள் வேறு வேலை வந்துவிட்டது, மறந்துபோனேன். எதுவும் உடையவில்லை. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. துணைச் சர்வர் தன்னிடமிருந்த பழைய பட்டியலைக் கொண்டு கேட்டவர்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் மின்னஞ்சல் சர்வரின் முகவரியை மாற்றினோம். அன்றிலிருந்து சிலருடைய மின்னஞ்சல்கள் வந்தன, சிலருடையவை வரவில்லை. இரண்டு நாள் மின்னஞ்சல் சர்வரையும் ஃபயர்வாலையும் குடைந்துகொண்டிருந்தோம். கடைசியில் ஓர் இளைஞர், இரண்டு டிஎன்எஸ் சர்வர்களிடமும், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கூடும் பட்டியலின் வரிசை எண்ணைத் தனித்தனியே கேட்டுப் பார்த்தார். முதன்மையில் அது 07 என்று முடிந்தது. துணையில் 04 என்று முடிந்தது. பிறகுதான் துணைச் சர்வர் தன் வேலைகளை எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தோம். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து, புதுப்பிக்க முயன்ற ஒவ்வொரு முறையும், முத்திரை பொருந்தவில்லை என்று ஒரு வரி அதில் எழுதப்பட்டிருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. இன்னும் ஒரு நாள் கவனிக்காமல் விட்டிருந்தால், புதுப்பிக்க முடியாவிட்டாலும் பழைய நகலைக் கொண்டு பதில் சொல்லலாம் என்று பட்டியலில் நாங்கள் குறித்திருந்த 6,04,800 விநாடிகள், அதாவது ஏழு நாள், முடிந்து துணைச் சர்வர் பதில் சொல்வதையே நிறுத்தியிருக்கும்.

பகிர்வுச் சாவிகள் தவறாக மாற்றப்பட்டால் பல இடங்களில் உடனே தெரியாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. புதிய சாவிக்குப் புதிய பெயர் வைக்கிறேன். டிசிக் முறையில் சாவியின் பெயரும் செய்தியோடு போகிறது, இரு பக்கமும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். பழைய பெயரிலேயே ரகசியத்தை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒரே நேரத்தில் வாழ முடியாது. இரு சர்வர்களின் பெயரையும், ஆண்டையும் மாதத்தையும் சேர்த்துப் பெயரிட்டால், கோப்பைத் திறந்தவுடன் சாவியின் வயதும் தெரிந்துவிடுகிறது. அந்தப் புதிய சாவியை முதலில் இரண்டு பக்கமும் எழுதிவைக்கிறேன். இன்னும் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. பிறகு, பட்டியலைக் கொடுக்கும் முதன்மைச் சர்வரில் பழைய சாவி, புதிய சாவி இரண்டையும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறேன். அதற்குப் பிறகே துணைச் சர்வரைப் புதிய சாவியால் கேட்கச் சொல்கிறேன். இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பைண்டின் பதிவேட்டில் ஒவ்வொரு பட்டியல் பரிமாற்றமும் எந்தச் சாவியின் பெயரால் நடந்தது என்று எழுதப்படும். ஒரு வாரம் அதைப் பார்த்து, பழைய பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்று உறுதியான பிறகு பழையதை நீக்குகிறேன். வாடிக்கையாளர்களுக்கு ஒரு நொடிகூடத் தடை இல்லை. பகல் நேரத்திலேயே செய்யலாம். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம்.

எல்லா மென்பொருள்களும் இரண்டு சாவிகளை ஒரே நேரத்தில் ஏற்காது. மாங்கோடிபி தரவுத்தளம் 4.2 பதிப்பிலிருந்து ஒரே சாவிக் கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகளை ஏற்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டுமே ஏற்கும் மென்பொருள்களுக்கு, வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிச் சில நிமிடங்கள் நிறுத்துவதே நேர்மையான வழி. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே, சாவியை எப்படி மாற்றுவது என்ற பக்கத்தை அதன் கையேட்டில் படித்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

அமைப்புக் கோப்புகளை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் வைத்திருக்கிறோம். தவறுதலாகச் சாவியோடு சேர்த்து ஏற்றிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டேன். களஞ்சியம் எங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் திறந்திருப்பது. விட்டுவிடலாமா? – ஜாலஹள்ளி வாசகர்

விட்டுவிடக் கூடாது. கிட் எதையும் மறப்பதில்லை. நீங்கள் அழித்தது இன்றைய பக்கத்திலிருந்து மட்டுமே, வரலாற்றில் அது அப்படியே இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் யாராவது நகலெடுத்திருந்தால் அவர்களிடமும் இருக்கிறது. வரலாற்றைத் திருத்தி எழுதும் கருவிகள் உண்டு, ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை சாவியை மாற்றுவது. மாற்றிவிட்டால் வரலாற்றில் கிடப்பது வெறும் எழுத்துக் குவியல்.

நிறுவனத்துக்குள் மட்டும் திறந்தது என்பதில் ஆறுதல் கொள்ள வேண்டாம். 2016-இல் உபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் பயன்படுத்திய, வெளியாருக்குத் திறக்கப்படாத ஒரு கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள், அங்கே கிடைத்த அணுகல் சாவியைக் கொண்டு அமேசான் சேமிப்பகத்தைத் திறந்து, 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். 2017 நவம்பரில்தான் அது வெளியுலகுக்குத் தெரிந்தது.

இனிமேல் செய்ய வேண்டியது, அமைப்புக் கோப்பையும் சாவியையும் பிரிப்பது. பைண்டில் சாவிப் பகுதியைத் தனிக் கோப்பாக எழுதி, முதன்மைக் கோப்பிலிருந்து ‘இன்க்ளூட்’ என்ற ஒரு வரியால் அழைத்துவிடலாம். முதன்மைக் கோப்பு கிட்டுக்குப் போகட்டும். சாவிக் கோப்பு சர்வரிலேயே இருக்கட்டும், அல்லது ஆன்சிபிள் வால்ட் போன்ற ஒன்றால் மறையாக்கம் செய்யப்பட்டு மட்டும் போகட்டும். சாவிக் கோப்பின் உரிமையாளர் ரூட் (சர்வரின் தலைமைக் கணக்கு) ஆகவும், பைண்ட் ஓடும் குழு படிக்க மட்டும் முடிவதாகவும், மற்றவர்களுக்கு எதுவும் இல்லாமலும், அதாவது 640 என்று அனுமதி வையுங்கள். ராபிட்எம்கியூ, மாங்கோடிபி போன்றவை சாவிக் கோப்பு மற்றவர்களுக்கும் திறந்திருந்தால் தொடங்கவே மறுக்கின்றன. அந்த மறுப்பைத் தொந்தரவு என்று எண்ணி வழி தேடாதீர்கள். உங்கள் நன்மைக்காகச் சொல்கிறது. எடிட்டர்கள் தாமாக உருவாக்கும் பழைய நகல்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அசல் கோப்பைப் பூட்டிவிட்டு, ‘பேக்’ என்று முடியும் நகலை யாரும் படிக்கும்படி விட்டிருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

சாவியைக் கட்டளையின் பகுதியாகத் தட்டச்சு செய்வதும் கூடாது. லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளை வரியை இயல்பு நிலையில் அதே சர்வரின் எந்தப் பயனரும் பார்க்க முடியும்.

உதவி கேட்டு யாருக்காவது அமைப்பைக் காட்ட வேண்டியிருந்தால், பைண்டின் அமைப்பைச் சரிபார்க்கும் நேம்டு-செக்கான்ஃப் கட்டளையில் ‘பி’, ‘எக்ஸ்’ என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்துக் கொடுங்கள். முழு அமைப்பையும் அச்சிட்டு, சாவி இருக்கும் இடத்தில் மட்டும் கேள்விக்குறிகளை வரிசையாகப் போட்டுத் தரும். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது? – சிவாஜி நகர் வாசகர்

நீளமான, கணினியே உருவாக்கிய சாவி என்றால் ஆண்டுக்கு ஒருமுறை என்பது என் வழக்கம். நாட்காட்டியை விட முக்கியமானது ஆட்கள் மாறும் நாள். சாவியைப் பார்த்த ஒருவர் வேலையை விட்டாலோ வேறு குழுவுக்குப் போனாலோ, அந்த வாரமே மாற்றிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிப் பழகிய குழுவால்தான் அதைப் பதற்றமில்லாமல் செய்ய முடியும்.

ஆறு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்ட பின் இந்த மாதக் கடைசியில் விலகுகிறேன். சாவிகளை எப்படி ஒப்படைப்பது? எக்செல் கோப்பில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். – மர்பி டவுன் வாசகி

சாவிகளை எழுதிக் கொடுக்காதீர்கள், சகோதரி. அவை இருக்கும் இடங்களை எழுதிக் கொடுங்கள். எந்தச் சாவி, எந்த இரண்டு சர்வர்களுக்கு இடையே, எந்தக் கோப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, மாற்றினால் எதை மறுபடி தொடங்க வேண்டும், சரியாக வேலை செய்கிறதா என்பதை எந்தப் பதிவேட்டில் பார்க்க வேண்டும் என்பவை அந்தப் பட்டியலில் இருந்தால் போதும். ரகசியம் எதுவும் இல்லாத பட்டியல் என்பதால் அதை எக்செல் கோப்பாகவே தாராளமாகக் கொடுக்கலாம்.

பட்டியல் தயாரான பிறகு, மீதமிருக்கும் நாட்களில் உங்கள் இடத்துக்கு வருபவரை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு சாவியாக அவர் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம். பட்டியலைப் படித்துக் காட்டினால் போதும். எந்த வரியில் அவர் தடுமாறுகிறாரோ, அங்கே உங்கள் குறிப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அதைத் திருத்துங்கள். கடைசி நாளில், உங்களுக்குத் தெரிந்த சாவி எதுவும் இப்போது பயனில் இல்லை என்று ஒரு மின்னஞ்சலில் எழுதித் தருமாறு கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அங்கே ஏதாவது நடந்தால், முதலில் உங்கள் பெயரைச் சொல்ல யாருக்கும் இடம் இருக்காது.